துருவேறி இறுகிய வீல் பேரிங்கைக் கழற்ற விற்கும் கிட்டுகள்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவரலாம்

கார் வீலை லேசாகச் சுற்றவிடும் குண்டு வளையம்தான் வீல் பேரிங். அதைக் கழற்றவென்றே இரண்டு பெட்டிகள் இப்போது ஆன்லைனிலும் டூல்ஸ் கடைகளிலும் கிடைக்கின்றன. ஒன்று ஸ்லைடு ஹேமர். வீலைப் பிடிக்கும் போல்ட்டுகளில் (ஸ்டட்) மாட்டும் ஒரு வட்டத் தகடு (ஃபிளாஞ்சு), நீண்ட ராடு, அதில் முன்னும் பின்னும் ஓடி அடிக்கிற இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த எடைக்கட்டி, அவ்வளவுதான். இன்னொன்று பிரஸ் கிட். மரை போட்ட ராடு, பெரிய நட்டு, சைஸ் வாரியாக வட்டத் தட்டுகள், பேரிங் இறங்கி வர இடம் கொடுக்கும் கப்புகள் என்று 23 பீஸ். மேலே ஒட்டியிருக்கும் பிராண்டு எதுவானாலும் உள்ளே இருக்கிற சாமான் பெரும்பாலும் ஒரே அச்சு.

திருநெல்வேலிச் சீமையில் ஓடும் வண்டிகளுக்கு எது உதவும் என்று பார்த்தால், பிரஸ் கிட்டை வாங்கலாம், ஒரு நட்டும் ஒரு டப்பா கிரீசும் கூடச் சேர்த்துக்கொண்டு. ஸ்லைடு ஹேமர் பாதி வேலைக்குத்தான் ஆகும். எடுக்கக்கூடாத இடத்தில் அதை எடுத்தால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

ஊரைச் சொல்லிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அம்பை, சேரன்மகாதேவி பக்கம் ஓடும் வண்டியில் வீல் மாட்டுகிற நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றுவதும், உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் நிற்கிற வண்டியில் கழற்றுவதும் வேறு வேறு வேலை. கடற்கரையில் உப்புக்காற்று ராத்திரியெல்லாம் வீலுக்குள் படிகிறது. ஆனி, ஆடிக் காற்றில் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் செம்புழுதியாக வந்து அதன்மேல் ஒட்டுகிறது. போதாததற்கு 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது தாமிரபரணிக் கரை முழுக்க வண்டிகள் நீரில் நின்றன. வீல் பேரிங்கின் ரப்பர் சீல் தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கத்தான் செய்யப்பட்டது, முங்கிக் கிடப்பதற்கு அல்ல. ஓடிச் சூடேறிய பேரிங் சட்டென்று நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், அந்த இடத்துக்குச் சேற்று நீரை உறிஞ்சும். அப்புறம் கிரீஸ் பால்போல் வெளுக்கும், குண்டு ஓடும் பாதையில் துருப்புள்ளி விழும், ‘உர்ர்’ சத்தம் மெல்ல ஏறும். வெள்ளத்தில் நின்ற வண்டியை யாராவது மலிவாகத் தந்தால் நாலு வீலையும் தூக்கிச் சுற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கிட் வாங்கும் முன்னால் உங்கள் வண்டியில் எந்த வகை பேரிங் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிறிய கார்களின் முன்வீலில் பெரும்பாலும் நக்கிளுக்குள், அதாவது வீலைத் தாங்கும் வார்ப்புக்குள், இறுக்கி இறக்கிய பிரஸ்-இன் பேரிங். பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்பான சர்கிளிப் ஒன்று அதைப் பிடித்திருக்கும், ஹப் தனியாக அதற்குள் இறுகியிருக்கும். பல கார்களின் பின்வீலிலும் விலை கூடிய வண்டிகளின் முன்வீலிலும் ஹப்பும் பேரிங்கும் ஒரே யூனிட், பின்னாலிருந்து மூன்று அல்லது நான்கு போல்ட் போட்டு முறுக்கியது. மூன்றாவது வகை, கூம்பு வடிவ டேப்பர் ரோலர் போட்ட பழைய ஜீப்பும் லோடு வண்டிகளும். அவற்றுக்கு இந்தப் பெட்டி எதுவும் தேவையில்லை. நட்டைக் கழற்றினால் ரோலர் கையோடு வரும், ஹப்புக்குள் இறுகிய வெளி வளையத்தை மட்டும் தட்டி எடுக்க வேண்டும்.

ஸ்லைடு ஹேமர் மேல் எங்கள் குறை போல்ட் யூனிட்டைப் பற்றியது. விளம்பரப் படத்தில் காட்டுவது அதைத்தான்: போல்ட்டைக் கழற்று, ஃபிளாஞ்சை மாட்டு, நாலு அடி, ஹப் கையில். துரு இல்லாத வண்டியில் அப்படித்தான் வரும். துருவேறிய வண்டியில் நடப்பது வேறு. ஹேமர் இழுப்பது ஸ்டட் இருக்கிற ஃபிளாஞ்சை. நக்கிளோடு ஒட்டிக்கிடப்பது பேரிங்கின் வெளி வளையமான வெளி ரேஸ். இரண்டுக்கும் நடுவில் இருப்பவை குண்டுகள் மட்டும். முப்பது, நாற்பது அடிக்குப் பிறகு ஃபிளாஞ்சும் உள் ரேஸும் பிய்த்துக்கொண்டு வரும், குண்டுகள் தரையெல்லாம் உருளும், வெளி ரேஸ் மட்டும் நக்கிளுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். இனிப் பிடித்து இழுக்க எதுவுமே கிடையாது.

இந்த வகைக்கு இழுப்பு வேண்டாம், பின்னாலிருந்து தள்ள வேண்டும். தள்ளும் விசை வெளி ரேஸிலேயே நேராக விழும். போல்ட்டுகளை முழுதாகக் கழற்றாமல் ஐந்தாறு மி.மீ. மட்டும் பின்வாங்க வேண்டும். மரையில் குறைந்தது ஏழெட்டுச் சுற்று பிடித்திருக்கட்டும், இல்லாவிட்டால் அடியில் மரை நசுங்கும். போல்ட் தலைமேல் சாக்கெட்டும் ஒரு பழைய எக்ஸ்டென்ஷனும் வைத்து, நுனியில் சம்மட்டியால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மாற்றி மாற்றி அடி. ராட்செட்டை வைத்து அடித்தால் அதன் பல் போய்விடும். ஒரே போல்ட்டில் அடித்தால் ஹப் கோணி இன்னும் இறுகும்.

அதற்கும் அசையவில்லையென்றால் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, போல்ட் துளை இருக்கிற காதின் ஓரத்தில் பக்கவாட்டில் தட்டிச் சுற்றவிட வேண்டும். துருவின் பிடி நேர் இழுப்புக்குக் கொடுக்கிற எதிர்ப்பைச் சுழற்சிக்குக் கொடுக்காது. இரண்டு டிகிரி திரும்பினாலே போதும். இடுக்கில் பழுப்புப் பொடி உதிரும், அந்த வழியாக எண்ணெய் உள்ளே போகும். இந்தக் காதுகள் எல்லா யூனிட்டிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. இல்லாத வண்டியில் ஹப் ஃபிளாஞ்சுக்கும் நக்கிளுக்கும் நடுவில் நீள நட்டும் போல்ட்டும் எதிரெதிராக இரண்டு வைத்து, அரைச் சுற்று அரைச் சுற்றாகப் பிரித்துத் தள்ளலாம். இதிலும் விசை குண்டுகள் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் அடியைப் போல உடைக்காது, நிதானமாக ஏறும், எண்ணெய்க்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

ஸ்லைடு ஹேமரை முழுக்க ஒதுக்கவும் முடியாது. பிரஸ்-இன் வகையில் ஹப்பைப் பேரிங்கிலிருந்து பிரிக்க அது நல்ல சாமான். அங்கே பேரிங் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, குண்டு வழியாக அடி போனால் என்ன? நாலைந்து அடியில் ஹப் வெளியே வரும். கூட வருகிற ஃபிளாஞ்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. வீலைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட் ஹப்பின் பல்லோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் பல பட்டறைகளில் ‘ஒரு தட்டு தட்டுனா வந்துரும் அண்ணாச்சி’ என்று சம்மட்டியை ஓங்குவார்கள். ஷாஃப்ட் நுனி காளான்போல் விரியும், நட்டு அப்புறம் ஏறாது, உள் ஜாயிண்டுக்கும் அடி விழும். ஃபிளாஞ்சை ஸ்டட்டில் மாட்டி, நடுவில் தள்ளு போல்ட் வைத்து முறுக்கினால் ஷாஃப்ட் சேதமில்லாமல் பின்னே போகும். வாங்குவதானால் நடுவில் இந்தத் தள்ளு போல்ட் வருகிற செட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டட் துளைகள் 4×100, 5×114.3 (ஸ்டட் எண்ணிக்கை × அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் மி.மீ.) இரண்டுக்கும் பொருந்த வேண்டும். பொலிரோவுக்கு 5×139.7 வேண்டும். சின்ன ஃபிளாஞ்சு எட்டாது.

இனி 23 பீஸ் பிரஸ் கிட். தட்டுகள் சுமார் 55 முதல் 90 மி.மீ. வரை இருக்கும். எதை எடுப்பது என்பதைப் பேரிங் நம்பரே சொல்லும். டிஏசி 34640037 என்று இருந்தால் உள் துளை 34, வெளி விட்டம் 64, அகலம் 37 மி.மீ. அதை வெளியே தள்ள 62 தட்டு சரி. 64க்கு 64 போட்டால் நக்கிளின் துளையைச் சுரண்டும். எதிர்ப்பக்கத்துக் கப்பின் உள்வாய் 64ஐ விட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். பலரும் கவனிக்காதது கப்பின் ஆழம். 37 மி.மீ. பேரிங் முழுதாக இறங்க 45 மி.மீ. ஆழமாவது வேண்டும். ஆழம் குறைந்த கப்பில் பேரிங் பாதியில் தரைதட்டும். இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து முறுக்கிக்கொண்டே இருப்பீர்கள், கடைசியில் ராடு மரை போகும். கப் குறைந்தால் லேத் பட்டறையில் ஒரு துண்டு பைப்பைக் கடைந்து தரச் சொல்லுங்கள், இரண்டு முகமும் நேராக இருந்தால் போதும்.

இந்தக் கிட்டின் உயிர் ராடில் இருக்கிறது. 20 மி.மீ. ராடு என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் பாரின் நுனியில் 40 கிலோ எடை தொங்குகிற அளவுக்கு, அதாவது 200 நியூட்டன் மீட்டர் பக்கம் முறுக்கினால், மரை உலர்ந்திருக்கும்போது கிடைப்பது மூன்றரை டன் விசை. சாதாரண கிரீஸ் தடவினால் ஐந்து டன். மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ் தடவினால் எட்டு டன்னைத் தாண்டும். கை அதே கை, பார் அதே பார். மிச்சமெல்லாம் உராய்வில் போகிறது. பெட்டியிலிருந்து எடுத்த ராடை அப்படியே உலர்வாக இம்பாக்ட் கன் வைத்து முறுக்கிவிட்டு ‘டூப்ளிகேட் மால், மரை போயிடுச்சு’ என்று ரிவ்யூ எழுதுபவர்களில் பாதிப்பேர் செய்த தப்பு இதுதான். மீதிப் பாதிப்பேர் சொல்வது உண்மை. மெத்தென்ற இரும்பில் செய்த 20 மி.மீ. ராடு ஆறு டன்னிலேயே நீள ஆரம்பிக்கும். 8.8 கிரேடு ராடு பதினைந்து டன் வரை தாங்கும். ராடின் முகத்தில் கிரேடு குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ராடையும் நட்டையும் மட்டும் 8.8 அல்லது 10.9 கிரேடில் தனியாக வாங்கி மாற்றிவிடலாம். தட்டுகளும் கப்புகளும் எப்படியும் உதவும். நட்டு, சாதாரண நட்டைவிட உயரமான நீள நட்டாக இருப்பது நல்லது. நட்டுக்கடியில் உராய்வைக் குறைக்கும் பேரிங் வாசர் இல்லாத கிட்டை வாங்க வேண்டாம்.

பெட்டியில் இல்லாதவை: சர்கிளிப் பிளையர், 30 அல்லது 32 மி.மீ. ஆக்சில் நட்டு சாக்கெட், நீண்ட பிரேக்கர் பார். டிரைவ் ஷாஃப்ட் நுனியில் இருக்கும் ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு வீல்தான் சுற்றும், நட்டு தளராது. நட்டின் உதடு ஷாஃப்ட் பள்ளத்தில் மடக்கியிருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள், கழற்றிய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். சர்கிளிப் நம் கடற்கரை வண்டிகளில் பெரிய தலைவலி. பள்ளம் முழுக்கத் துரு நிறைந்து கிளிப் சுவரோடு சுவராகிவிடும். பிளையரைப் போட்டு அழுத்தினால் காது ஒடியும். முதலில் கூரான ஊசிக் கம்பியால் பள்ளத்தைச் சுற்றிலும் கீறித் துருவை எடுத்து, எண்ணெய் விட்டு, கிளிப்பின் முகத்தில் மொட்டைக் கம்பி வைத்து லேசாகத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். கிளிப் தன் பள்ளத்துக்குள் ஒரு மயிரிழை நகர்ந்தால் சத்தம் மாறும். அதுவரை ‘டங்’ என்று வந்தது ‘டக்’ என்று செத்து வரும். அப்புறம்தான் பிளையர்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. எல்லார் கையிலும் இருக்கிற நீலக்குப்பி டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விரட்டத்தான் செய்யப்பட்டது, பெயரிலேயே அது இருக்கிறது. துருவுக்குள் இறங்க அதே கம்பெனி வேறு குப்பி விற்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிப் பாதி கலந்தால் நன்றாக இறங்கும், ஆனால் சேராமல் பிரியும், குலுக்கிக்கொண்டே விட வேண்டும். பற்றிக்கொள்ளும் என்பதால் டார்ச் பக்கம் வேண்டாம். எதுவானாலும் முந்தின நாள் சாயங்காலமே விட்டு, இடையில் இரண்டு முறை தட்டி, காலையில் வேலையைத் தொடங்குங்கள். பிரேக் டிஸ்கில் எண்ணெய் படக்கூடாது.

சூடு எண்ணெயைவிட வலுவானது, அதுவும் அலுமினிய நக்கிளில். வெள்ளைப் பொடி வளையமாகப் பூத்திருந்தால் அலுமினியம், செம்பழுப்பு மட்டும் என்றால் வார்ப்பிரும்பு. 72 மி.மீ. துளையை 100 டிகிரி சூடேற்றினால் அலுமினியம் சுமார் 0.17 மி.மீ. விரியும், எஃகு 0.09 தான் விரியும். இடையில் கிடைக்கிற 0.08 மி.மீ. பல பேரிங்குகளின் மொத்த இறுக்கத்துக்குச் சமம். வார்ப்பிரும்பில் இந்த வித்தியாசம் கிடையாது. ஹப் சூடேறும் முன் நக்கிளை மட்டும் வேகமாகச் சுற்றிச் சூடேற்றி, உடனே அடிக்க வேண்டும். சிவக்கிற அளவுக்கு எந்த நக்கிளையும் கொண்டுபோகாதீர்கள். வீல் ஸ்பீடு சென்சாரை முதலில் கழற்றுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம் என்பதால் எல்லா வீலிலும் அது இருக்கும். துளையில் துருப்பிடித்து இறுகியிருந்தால் இழுக்கவே வேண்டாம், பிளாஸ்டிக் பாதியில் முறியும். முதலில் எண்ணெய் விட்டு, ஸ்பேனரால் இடம் வலமாகச் சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும். பால் ஜாயிண்டு ரப்பர், பிரேக் ஹோஸ் பக்கத்தில் ஈரத்துணி. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு வைக்கவே கூடாது, சில கிளீனர்களின் புகை உயிரையே எடுக்கும்.

ஹப் வெளியே வந்தாலும் உள் ரேஸ் அதன்மேல் மோதிரம்போல் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்க இரண்டு கிட்டிலும் சாமான் இல்லை. கிரைண்டரால் சற்றுச் சாய்வாக, முக்கால் பாகம் ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஹப்பின் உட்காரும் இடத்தைத் தொடாமல் நிறுத்திவிட்டு, வெட்டில் உளி வைத்து ஒரே அடி. ரேஸ் கெட்டியான எஃகு, ‘டிக்’கென்று வெடித்துத் தளரும். கண்ணாடி போடாமல் இதைச் செய்ய வேண்டாம். நக்கிளுக்குள் சிக்கிய வெளி ரேஸுக்கு எங்கள் முதல் தேர்வு வெல்டிங். உள்பக்கம் ஒரு முழுச் சுற்று வெல்டு ஓட்டி ஆறவிட்டால், வெல்டு சுருங்கும்போது ரேஸும் சேர்ந்து சுருங்கி, பல நேரம் கையாலேயே விழும். பேட்டரியும் சென்சாரும் கழற்றிய பிறகுதான் இது, நக்கிள் தனியாகக் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

வருஷத்துக்கு ஒரு வீல் என்றால் கிட் வேண்டியதில்லை. நக்கிளைக் கழற்றி 20 டன் பிரஸ் வைத்திருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் பக்கத்தில் நின்று இரண்டைப் பாருங்கள். புது பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது அழுத்தம் வெளி ரேஸில் மட்டும் விழ வேண்டும். ஹப்பை இறக்கும்போது அடியில் உள் ரேஸுக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அழுத்தம் குண்டுகளில் ஏறி, பாதையில் குழி விழும், புது பேரிங் போட்டும் சத்தம் வரும். பழியைக் கடைக்காரன் தலையில் போடுவார்கள். பல ஏபிஎஸ் வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீல் காந்த வளையம். ஒரு குண்டூசியை மேலே பிடித்தால் இழுப்பது கையிலேயே தெரியும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து, உள்முகமாக வர வேண்டும். திருப்பிப் போட்டால் வண்டி ஓடும், ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையாது.

பூட்டும் முன் நக்கிள் துளையை 180 நம்பர் எமரியால் துரு மட்டும் போகத் தேயுங்கள், உலோகத்தைத் தின்னாதீர்கள். பிரஸ்-இன் பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். போல்ட் யூனிட் உட்காரும் துளைக்கு ஆன்டி-சீஸ் பசை மெலிதாகத் தடவினால் அடுத்த முறை சம்மட்டி எடுக்க வேண்டியிருக்காது. சென்சார் முகத்தில் அது படக்கூடாது. ஆக்சில் நட்டை உங்கள் வண்டிக்கான அளவில் டார்க் ரெஞ்சு வைத்தே முறுக்குங்கள். அதை முழுதாக முறுக்காமல் வண்டியைத் தரையில் உருட்டினால் புது பேரிங்கின் இரண்டு உள் ரேஸ்களும் விலகி அப்போதே கெடும்.

கிட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ராடைத் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். நம் உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் அதுவே துருப்பிடித்து நட்டு நகராது. பெட்டியின் பிளாஸ்டிக் கொக்கிகள் முதல் மாதமே ஒடியும். பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு வளையமாக வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.